வெறுங்கை முழம் போடும்

வெறுங்கை முழம் போடுமா என்று கேட்ட பெரியவர், தூண்டிலோடு போய்த் திரும்பிய ஆளை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் பழமொழியை வாபஸ் வாங்கியிருப்பார். எங்கள் சித்தப்பா வெறுங்கையால்தான் முழம் போடுவார். முதலில் ஒரு முழம், கேட்பவர் வாயைப் பிளந்தால் ஒன்றரை, டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டு. பையில் மட்டும் ஒன்றும் இருக்காது.

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. மீனுக்கும் எங்கள் ஊருக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள். கடல் கிடையாது. கடல் மீன் ஐஸ் பெட்டியில் படுத்துக்கொண்டு ராத்திரி வண்டியில் வந்து இறங்கும். நான் டவுசர் போட்ட காலத்தில் குழாயில் தண்ணீர் வந்தாலே அது தெருவுக்கே செய்தி. அப்படிப்பட்ட ஊரில் ஒருத்தர், "தண்ணிக்குள்ள இருந்து என்னைய இழுத்துச்சுடா, கம்பே வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு" என்றால் எவன் நம்புவான்? தண்ணீர் இருந்தது என்பதையே முதலில் நம்ப வேண்டுமே!

"இந்த ஊர்ல கல்லாப்பெட்டிக்குப் பூட்டு செய்றாங்க, கோயிலுக்குப் பூட்டு செய்றாங்க. இந்த மனுஷன் வாய்க்கு ஒண்ணு செய்ய மாட்டேங்குறாங்களே" என்பது சித்தியின் நிரந்தர மனு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சித்தியின் மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆனால் வயசான பிறகு அங்கங்கே படித்துப் பார்த்ததில் எனக்கு ஒன்று பிடிபட்டது. சித்தப்பா சொன்ன பொய்களில் முக்கால்வாசி, அவருக்கு முன்னாலேயே பெரிய இடத்து ஆட்கள் சொல்லிவிட்டுப் போனவை. அவர்கள் சொன்னால் புராணம், ஆராய்ச்சி. சித்தப்பா சொன்னால் புளுகு.

பாகவதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தியவிரதன் என்று ஒரு ராஜா, திராவிட தேசத்துக்காரன். கிருதமாலா ஆற்றில் இறங்கித் தர்ப்பணம் பண்ணிக்கொண்டிருக்கிறான். கிருதமாலா என்பது வைகைதான் என்பார்கள். மதுரையில் கிருதுமால் என்று ஓர் ஆறே இருக்கிறது, பாவம், சாக்கடை சுமந்துகொண்டு. வைகையோ எங்கள் நிலக்கோட்டைப் பக்கம் அணைப்பட்டி அனுமாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மதுரைக்கே போகிறது. ஆகவே இந்தக் கதையில் நாங்களும் பங்காளிகள். ராஜா கையில் அள்ளிய தண்ணீரில் ஒரு கெண்டைக் குஞ்சு. ஆற்றில் விடப் போனால், பெரிய மீன்கள் தின்றுவிடும், காப்பாற்று என்று பேசுகிறது. கமண்டலத்தில் விட்டான். விடிவதற்குள் அதற்கு இடம் பத்தவில்லை. பெரிய பானைக்கு மாற்றினான். ஒரே முகூர்த்தத்தில் 3 முழம் வளர்ந்தது. அப்புறம் குளம், ஏரி, கடைசியில் கடல்.

கணக்கைக் கவனியுங்கள். ஆற்றில் அள்ளியபோது உள்ளங்கைக்குள் அடங்கிய மீன், வீடு வந்து சேர்ந்து சற்று நேரத்தில் 3 முழம். தூண்டில் பிடிக்கிற எந்த ஆளுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். ராஜாவின் மீன் கடைசியில் பெருமாள் என்று தெரிந்தது. சித்தப்பாவின் மீன் கடைசியில் 'கரைக்கு வந்து நழுவிருச்சு.' அவ்வளவுதான் வித்தியாசம்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் இதைவிடப் பெரிய வேட்டை இருக்கிறது, வலை வீசிய படலம். சிவபெருமான் வேதத்துக்குப் பொருள் சொல்கிறார். அம்பாளுக்குக் கவனம் எங்கேயோ. கோபத்தில், "பரதவப் பெண்ணாய்ப் பிற" என்று சாபம். அம்மாவுக்குச் சாபமா என்று பிள்ளைகள் இரண்டு பேரும் பொங்கி எழுந்து, இருந்த நூல்களையெல்லாம் தூக்கிக் கடலில் போட்டுவிட்டார்கள். இளையவர் எங்கள் பழனிக்காரர். கோபம் வந்தால் என்ன செய்வார் என்பது மாவட்டத்துக்கே தெரியும். இப்போது யாருக்கெல்லாம் தண்டனை? வாசலில் நின்ற நந்திக்கும்! பிள்ளைகளை ஏன் உள்ளே விட்டாய் என்று அவரைச் சுறாவாக்கிக் கடலில் தள்ளிவிட்டார்கள். முதலாளி வீட்டுப் பையன் கண்ணாடியை உடைத்தால் வாட்ச்மேன் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. சுறா வலைகளைக் கிழித்து அட்டகாசம் பண்ண, அதைப் பிடிப்பவனுக்கே பெண் என்று பரதவர் தலைவர் அறிவிக்க, சிவனே வலைஞனாக வந்து பிடித்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்டார். பிடித்த மீன் தன் வீட்டு நந்தி, கட்டிய பெண் தன் சொந்த மனைவி. இவ்வளவு முன்னேற்பாடு இருந்தால் சித்தப்பாவும்தான் சுறா பிடிப்பார்.

சரி, புராணம் வேண்டாம் என்பவர்களுக்கு வெள்ளைக்காரன் சாட்சி. 1790-ல் கும்பினிப் படை திப்புவின் ஆட்களிடமிருந்து எங்கள் மலைக்கோட்டையைப் பிடித்தது. அடுத்த வருஷம், 1791 நவம்பரில், மனிதர்கள் கோட்டை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த அந்தக் காலத்தில், டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற லெப்டினன்ட் ஒரு குளத்தங்கரையில் நின்றார். எதிரே ஒரு பனைமரம். மரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்தது. செவுள் மூடியின் முள்ளை மரத்தில் மாட்டி, வாலை வளைத்து, துடுப்பு முள்ளை ஊன்றி, தண்ணீருக்கு மேலே 5 அடி உயரத்தில். இப்படித்தான் அவர் எழுதிவைத்தார். 1797-ல் லண்டன் லின்னியன் சங்கம் அதை அச்சடித்தும் விட்டது. காலையில் பனை மரத்தடியில் இறக்கியதைக் குடித்துவிட்டுச் சொல்கிறாயா என்று லண்டனில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்து ஊரே கேட்ட கேள்வி அது.

ஏனென்றால் சித்தப்பாவும் இதையே சொன்னார். ஐப்பசி மழை இரவில், வேடசந்தூர் போகிற பாதையோரம், ஊருணிக் கரைப் பனைமரத்தில் மீனைப் பார்த்ததாக. அந்த மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்று நம் ஆட்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைத்தவர்கள் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை என்பதால் அது சாட்சியில் சேராது.

1927 வாக்கில் பி.கே. தாஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்த மர்மத்தில் கொஞ்சம் மண்ணள்ளிப் போட்டார். இந்த மீன் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குத் தரையில் நகர்ந்து போகும், அது நிஜம். போகிற வழியில் காக்காயும் பருந்தும் கொத்திக்கொண்டு போய் மரக்கவட்டில் வைத்துவிடும். காற்றைச் சுவாசிக்கிற உறுப்பு தலைக்குள் இருப்பதால் மீன் அங்கேயும் உயிரோடு கிடக்கும். கீழே நிற்பவன் அண்ணாந்து பார்த்து, ஏறிவிட்டது என்கிறான். அதாவது, லிஃப்டில் கொண்டுபோய் விடப்பட்டவனுக்கு மலையேறிய பட்டம். இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. "காக்கா கொண்டுபோய் வச்சதுன்னா, அது இறங்கி வந்துச்சே, அதுக்கு என்ன சொல்ற?"

எனக்கே நேர்ந்தது ஒன்று. கண்மாயில் மண்புழு கோத்து உட்கார்ந்திருந்தேன். தக்கை ஆடியது, சுண்டினேன், உள்ளங்கை அகல ஜிலேபி. முள்ளைக் கழற்ற வாயைப் பிதுக்கினால், உள்ளேயிருந்து பொலபொலவென்று பத்து இருபது குஞ்சுகள் கொட்டின. கையை உதறிவிட்டு ஓடியே போனேன். மீனைப் பிடித்தால் பால்வாடியே சேர்ந்து வருகிறது! குஞ்சை வாய்க்குள் வைத்து வளர்க்கிற சாதி அது. திலாப்பியா என்று ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952-ல் பாங்காக் வழியாக நம் மண்டபத்துக்கு வந்து இறங்கியது. ஏழை மக்களுக்குப் புரதம் கொடுக்கக் கொண்டுவந்தார்கள். அது நாட்டு மீன்களை ஓரங்கட்டிவிட்டு ஊர் ஊராய்க் குளத்தைப் பிடித்துக்கொண்டு, ஜிலேபி என்று இனிப்பான பெயரும் வாங்கி, ரேஷன் கார்டு மட்டும் இல்லாத குடும்பமாக உட்கார்ந்துவிட்டது.

நம்ப முடியாததையெல்லாம் மொத்தமாய்ப் பார்க்க வேண்டுமானால் மீன்பிடித் திருவிழாவுக்குப் போக வேண்டும். நத்தம், சாணார்பட்டிப் பக்கம் கோடையில் குளம் வற்றி முழங்கால் தண்ணீராகும்போது நாள் குறிப்பார்கள். மற்ற ஊரில் தண்ணீர் இருந்தால் மீன் பிடிப்பான். எங்கள் பக்கம் தண்ணீர் போனால்தான் திருவிழா. சுற்றுப்பட்டி ஜனம் முழுக்கக் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், ஆயிரம் கால்கள் ஒரே நேரத்தில் உள்ளே இறங்கும். அரை நிமிஷத்தில் குளம் கேப்பைக் கூழ்.

எனக்குச் சித்தப்பா ஓர் ஊத்தா கொடுத்திருந்தார். குச்சிகளைக் கட்டிய கூடை, மேலேயும் கீழேயும் திறப்பு. கலங்கலில் சடக்கென்று குத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். முதல் குத்திலேயே உள்ளே ஏதோ துள்ளியது. கையை விட்டேன். வழவழவென்று, தடியாக, சதைப்பிடிப்பாக. "சித்தப்பா, விரால்!" என்று கத்திக்கொண்டே இழுத்தேன். பக்கத்தில் மீசை வைத்த ஒருத்தர் தொபுக்கடீர் என்று சேற்றில் மல்லாந்தார். நான் பிடித்தது அவருடைய கெண்டைக்கால். கெண்டை பிடித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மொழி இடம் கொடுக்கிறது. அவர்தான் இடம் கொடுக்கவில்லை.

இரண்டாம் குத்தில் தண்ணீர்ப்பாம்பு. மூன்றாம் குத்தில் தேளி. அது செத்தாலும் முள்ளால் குத்திவிட்டுத்தான் சாகும். தேள் கொட்டியது போலக் கை தோள்வரை கடுத்தது. அழுதுகொண்டே கரையேறிய என்னைப் பார்த்துச் சித்தப்பா, "எவ்வளவு பெருசு?" என்றார். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்குப் பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. சாயங்காலம் வீட்டுக்கு வீடு மீன் குழம்பு கொதித்தது. இப்படிப் பிடித்துத் தின்றால் அடுத்து நல்ல மழை பெய்யும் என்பது நம்பிக்கை. அதுவும் ஒரு தூண்டில்தான், மேலே வானத்தைப் பார்த்துப் போட்டது.

கடைசியாக ஒன்று. சித்திரை வெயிலில், பொட்டல் காடாய்க் கிடந்த ஒரு குளத்துக்குச் சித்தப்பா என்னை மண்வெட்டியோடு கூட்டிப்போனார். மேலே பாளம் பாளமாக வெடிப்பு. "கீழ மீன் தூங்குதுடா" என்றார். எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கரைத் தாழ்வில், ஒரு பள்ளத்தில் வெட்டினார். முழங்கை ஆழத்தில் கறுப்பாய் ஈரம். அதற்குள் கையை விட்டு ஒரு குரவையை உருவினார். உயிரோடு! சேற்றைத் துடைத்ததும் வாயைத் திறந்து காற்றை விழுங்கியது. விரால் சாதிக்குத் தண்ணீர் வற்றினாலும் ஈரச்சேறு போதும், வெளிக்காற்றை வாங்கிக்கொண்டு காத்துக் கிடக்கும். மேலே வந்து மூச்சு வாங்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால்தான் செத்துப்போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகிற மீன்! இதைச் சித்தப்பா சொல்லியிருந்தால் சித்தி அன்றைக்கே பூட்டு வாங்கியிருப்பாள்.

மறுநாள் இதைக் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன்.

"காஞ்ச குளத்துலயா?" என்றார். வகுப்பே சிரித்தது.

"ஆமா சார். உயிரோட."

"எவ்வளவு நீளம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சாண்தான். கையையும் ஒரு சாணுக்குத்தான் காட்டினேன். அவர் இன்னும் சிரித்தார். உண்மையைச் சொல்லியும் நம்பவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? கை தன்னால் விரிந்தது. அந்த ஒரு நொடியில் சத்தியவிரதன் பானையில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. மீன் தண்ணீரில் வளர்வதில்லை, கேட்பவன் சிரிக்கச் சிரிக்கத்தான் வளர்கிறது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் ஒப்பித்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு காட்டுன?" என்றார்.

"ஒரு முழம்."

என் தலையைத் தடவிக் கொடுத்தார். "முதல் தடவைக்கு அது போதும்டா."