செயின் சார்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திச் சாவியை எடுப்பதற்குள் அவர் குனிந்துவிடுவார். வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. ஆள்காட்டி விரல் நேரே வண்டிக்கு அடியில் போகும். செயினைக் கீழிருந்து ஒரு தட்டு தட்டி, அது எவ்வளவு தூரம் எழும்பி இறங்குகிறது என்று பார்ப்பார். பிறகு அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நிமிர்ந்து கேட்பார்: "கடைசியா எப்ப சார் ஆயில் போட்டீங்க?"

இதற்குச் சரியான பதில் உலகத்தில் இல்லை. "போன மாசம்" என்று சொல்லிப் பாருங்கள், "மாசக் கணக்கெல்லாம் வேண்டாம், கிலோமீட்டர் சொல்லுங்க. ஐந்நூறு ஓடினா போட்டாகணும்" என்பார். "சர்வீஸ்ல போட்டாங்க" என்றாலோ முகம் சுருங்கிவிடும். "அவன் போடறது ஆயிலா சார்? எஞ்சின்லேருந்து இறக்கின வேஸ்ட் ஆயில். அதுல இருக்கிற பொடியே போதும், செயினை அரைச்சுத் தின்னுடும்." தப்பித்துக்கொள்ளலாம் என்று "நேத்துதான் போட்டேன்" என்று பொய் சொல்பவர்களின் கதி இன்னும் மோசம். "போட்டீங்க, சரி. துடைச்சீங்களா? வெளியே நிக்கற ஆயில் மண்ணைத்தான் சார் பிடிக்கும்" என்று கறுப்பு விரலை நம் கண்ணுக்கு நேரே நீட்டுவார். நமக்கும் விரலுக்கும் நடுவே மூக்குதான் இருக்கும்.

நீட்டி முடித்த விரலை எங்கே துடைப்பது? பக்கத்தில் தூண். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எங்கள் வீட்டு எண் எழுதிய தூணில், இடுப்பு உயரத்தில், கறுப்புக் கோடுகள் வரிசையாக இருக்கின்றன. வெள்ளையடித்த அடுத்த வாரமே திரும்ப வந்துவிட்டன. யாருடைய செயின் எது என்று கோட்டைப் பார்த்தே அவரால் சொல்ல முடியும் என்று வாட்ச்மேன் நம்புகிறார்.

குடியிருப்பவர்கள் வண்டியோடு விட்டாலும் பரவாயில்லை. பால் போடுகிறவர், கூரியர்காரர், பரிசம் பேச வந்த மாப்பிள்ளை வீட்டார் என்று யார் வண்டி நின்றாலும் விரல் போய்விடும். சாப்பாடு கொண்டுவரும் பையன்கள்தான் வசமாக மாட்டுவார்கள். பகல் முழுக்க ஓடுகிற வண்டி, காய்ந்துபோன செயின், 'கீச் கீச்' சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். "தம்பி, இங்க வா" என்பார். மாடியில் நாம் பசியோடு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, பரோட்டா கீழே ஆறிக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையன் மேலே வந்து பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு இறங்குவதற்குள், அவன் செயினைத் துடைத்து, ஆயில் போட்டு, அதிகமானதை ஒற்றி எடுத்திருப்பார். காசு வாங்கமாட்டார். இப்போது சில பையன்களுக்கு இந்தக் கட்டடத்தில் ஆர்டர் வராவிட்டால்கூட வழி இந்தப் பக்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய சொந்த வண்டியின் முறை. புல்லட். செயின் சூடாக இருக்கும்போதுதான் ஆயில் உள்ளே இறங்கும் என்பது சட்டம். ஆகவே ஆறு மணிக்கு அதை எழுப்பி நான்கு தெரு சுற்றிவிட்டு வருவார். செயினுக்கு முன்னால் நாங்கள் சூடாகிவிடுவோம். பிறகு சென்டர் ஸ்டாண்ட். மண்ணெண்ணெய் டப்பா, மகளின் பழைய டூத் பிரஷ், கிழிந்த பனியன், 90 கியர் ஆயில், ஆட்டத்தை அளக்க மகளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல். பெட்ரோலால் கழுவலாமே என்று யாராவது கேட்டால் கண் சிவந்துவிடும். ஓ-ரிங் செயினில் கண்ணிக்குக் கண்ணி பொடி ரப்பர் வளையம் இருக்கிறது. தொழிற்சாலையில் வைத்த கிரீஸை உள்ளேயே பிடித்து வைத்திருப்பது அதுதான். பெட்ரோல் அந்த ரப்பரைக் கெடுக்கும், கம்பி பிரஷ் கிழிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விட்டால் வெளியே குடம் குடமாக ஊற்றினாலும் திரும்பாது. ஆயிலையும் கண்ட இடத்தில் விடக் கூடாது. கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில் விட வேண்டும். சுற்றுகிற வேகத்தில் வெளிப்பக்கமாகத் தெறிக்கிற ஆயில், தெறிக்கிற வழியிலேயே கண்ணிக்குள் புகுந்துவிடும்.

கொடுமை என்னவென்றால், அத்தனையும் சரி. எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். துணியை இழுக்கும் பல்சக்கரம் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். அவர் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால்தான் சுற்றுவார். தப்பு செய்கிறவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். சரியாகச் செய்கிறவரை என்ன செய்வது?

வரலாறும் உண்டு. சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் பட்டறை போட்ட ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் இந்த உருளைச் செயினைக் கண்டுபிடித்ததில் ஆரம்பித்து, கோயம்புத்தூரில் தயாராகும் ரோலான் செயின் வரைக்கும் வருவார். வந்து சேர்வதற்குள் லிஃப்ட் இரண்டு தடவை மேலே போய்வந்திருக்கும். "செயின் நீளுதுன்னு சொல்றாங்களே, இரும்பு நீளுமா சார்? உள்ள பின்னும் புஷ்ஷும் தேயுது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி தேய்மானம், எல்லாம் சேர்ந்தா நீளம்." இதுவும் சரிதான்.

அவருக்கு ஒரே ஒரு எதிரி, இரண்டாம் மாடி ஸ்ப்ளெண்டர்காரர். அந்த வண்டியில் செயின் முழுக்கக் கவருக்குள் இருக்கிறது. விரல் போக வழியில்லை. பார்ப்பதற்கென்று ஒரு சின்ன ஓட்டை, அதற்கும் ரப்பர் மூடி. மூடியைப் பிடுங்கிச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்திருக்கிறார், திருப்தி இல்லை. வண்டிக்காரரோ செயின் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்போல் வெற்றிலையை மென்றபடி கிளப்பிக்கொண்டு போகிறார். மழையும் மண்ணும் படாவிட்டால் செயின் நெடுநாள் உழைக்கும் என்பது நம்மவருக்கும் தெரியும். தெரிந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அவர் மனைவி ஆபீஸ் போவது ஸ்கூட்டரில். முன் டயர் வழுக்கையாகிவிட்டது, ஹாரன் அடிக்க அடிக்க இருமுகிறது, உள்ளே பெல்ட் எந்த நிலையில் இருக்கிறதோ கடவுளுக்கே வெளிச்சம். "இதுல செயின் இல்லையேம்மா" என்று ஒருநாள் அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னாராம். "ஒண்ணு மாட்டிவிட்டாலாவது இந்த மனுஷன் திரும்பிப் பார்ப்பாரு."

இனி வருவதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. அவர் விரிக்கிற செய்தித்தாள் சிந்துகிற மண்ணெண்ணெய்க்குப் போதாது. கறுப்பு எண்ணெய் மெல்லப் பரவி மாடிப்படி வரைக்கும் வந்துவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் பெருக்க வரும் அம்மா மரத்தூள் கொட்டி, சோப்புத்தூள் போட்டு, உட்கார்ந்து தேய்க்கிறார். அவருக்குக் கொடுக்கிற சம்பளம் பெருக்குவதற்கு மட்டும். செயினில் ஒரு கண்ணி பாக்கியில்லாமல் துடைக்கிற மனிதருக்கு, தன் காலடியில் இருக்கும் நாலு சதுர அடி கண்ணில் படுவதில்லை. அந்த அம்மா கேட்டே விட்டார். "மண்ணெண்ணெய்தானேம்மா, தானா ஆவியாயிடும்" என்றாராம் இவர். "மண்ணெண்ணெய் ஆவியாவும் சார். கறுப்பு ஆவியாவுமா?" என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை. சங்கக் கூட்டத்தில் பேச்சு எடுத்தால், பொதுச்செயலாளரின் பல்சர் செயின் லூஸ் என்பதில் போய் விவாதம் முடிகிறது.

போன வாரம் என் வண்டிக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. பின்சக்கரத்துப் பல்லின்மேல் படிந்திருந்த செயினைப் பிடித்து இழுத்துக் காட்டினார். பல் பாதிக்குமேல் வெளியே தெரிந்தது. "செயின் மட்டும் மாத்தினா புதுசையும் இந்தப் பல்லு தின்னுடும். முன்னாடி, பின்னாடி ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து செட்டா மாத்துங்க. ஜி.பி. ரோடுல நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு. நீங்க போனா ஏமாத்திடுவான், நானும் வரேன்" என்றார். வேறு வழி தெரியவில்லை. சரி, புல்லட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வாருங்கள் என்றேன்.

"ஐயோ, அதை இப்பத்தான் சார் கிளீன் பண்ணி வெச்சிருக்கேன். ஜி.பி. ரோடு தூசியில எடுக்கறதா? உங்க வண்டியிலேயே உக்காந்து வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, விரலைத் தூணில் துடைத்தார்.