சாவா மூவாக் கோப்பு

அண்ணாமலையார் கோயில் கணக்கைப் பத்து ரூபாயில் பார்த்துவிடலாமாமே?

பத்து ரூபாய், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்பதற்கு. பார்ப்பதற்குத் தனியாகப் பொறுமை வேண்டும்.

கிரிவலம் 14 கிலோமீட்டர், ஒரே இரவில் முடிந்துவிடும். அறநிலையத் துறைக்குப் போடும் மனுவின் வலம் வேறு மாதிரி: பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் சென்னையில் தகவல் ஆணையம். சோழர் காலத்தில் மனுவே தேவைப்படவில்லை. கொடுத்தவர் பெயர், நிலத்தின் எல்லை, விளக்குக்கு விட்ட ஆடு எல்லாவற்றையும் சுவரிலேயே வெட்டிவிட்டார்கள். அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 96 ஆடு. எண்ணிக்கை குறையவே கூடாது என்பதால் அவற்றுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். இன்று அந்தப் பெயர் சில கோப்புகளுக்குத்தான் பொருந்தும்.

“எதற்கு இந்தத் தகவல்?” என்று அலுவலகத்தில் கேட்டால்?

“எதற்கு இந்தக் கேள்வி?” என்று திருப்பிக் கேட்கலாம். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 6(2) பிரிவுப்படி காரணம் சொல்ல வேண்டியதில்லை.

லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் கேட்கலாமா?

இந்தியாவிலேயே முதலில், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு. அதே மாநிலம் 2008இல் அந்தத் துறைக்கு 2005 சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தது.

ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு செல்லாது என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவே சொல்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையிடம் ஊழலைத் தவிர வேறு எதைக் கேட்பார்கள், டீக்கடை பாக்கியையா?