சந்தேகத் தண்டையல்

வல்வெட்டித்துறைப் பெடியள் கப்பலுக்குப் போன காலம் போய், கொம்பியூட்டருக்குப் போகும் காலம் வந்ததில் ஒரு புதுவகை ஆள் உருவாகியிருக்கிறார்: மென்பொருள் சோதனைக்காரர். தைப்பொங்கல் பட்டப் போட்டியில் ஊரே அண்ணாந்து நிற்க, இவர் மட்டும் குனிந்து முச்சையைப் பார்ப்பார். கலியாண அழைப்பிதழைக் கையிலேயே கொடுத்துவிட்டு, இரவு போனெடுத்து ‘கிடைச்சதோ அண்ணை?’ என்று கேட்பார். கணக்கிலடங்காப் பிள்ளைகள் அவருக்கு: சோதனை1, சோதனை2 என்று பெயர் சூடி இரவில் பிறந்து, மின்னஞ்சல் பெற்று, கணக்கை உயிர்ப்பித்து, விடியுமுன் தரவுத்தளத்திலிருந்து துடைக்கப்படுவார்கள்.

ஊர் இதை ஒரு வருத்தம் என்கிறது. தொழில் ஞானம் என்பதே சரி. இணையத்தளத்தில் புதிதாகப் பதிபவருக்குக் கணக்கைத் திறக்கும் இணைப்போடு அஞ்சல் போகிறது. வாங்கும் சேர்வர் ‘250’ என்று பதில் சொன்னதும் நிரல் எழுதியவர் தேத்தண்ணிக்கு எழும்பிவிடுவார். 1982இல் எழுதப்பட்ட அஞ்சல் விதியிலேயே அந்த எண் உண்டு. ‘அஞ்சலைப் பொறுப்பேற்றேன்’ என்பதற்கு மேல் அது எந்த வாக்கும் தருவதில்லை. அஞ்சல் குப்பைப் பெட்டியில் விழலாம். இணைப்பு, எழுதியவரின் சொந்தக் கணினியையே சுட்டலாம். இந்த ஊருக்கா இது புதுப்பாடம்? இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்டு, அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையைச் சேர்ந்தது 1938 ஆகஸ்டில். பாய் விரித்த அன்றே ‘போய்ச் சேர்ந்தது’ என்று எந்தக் கப்பல் தண்டையலும் எழுதமாட்டான்.

‘ஒருக்கால் கையால் அமத்திப் பார்த்தால் போதாதோ?’ என்பார்கள். நிரல் நாளுக்கு நாள் மாறும்போது நேற்றைய அமத்தல் இன்றைக்குச் சாட்சியாகாது. அதனால்தான் சோதனைக்காரர் வேலையை ஒரு நிரலிடமே கொடுக்கிறார். அது அஞ்சலைத் திறந்து இணைப்பை உருவி அமத்தும்; அதையே மறுபடி அமத்தும்; காலாவதியானதையும் அமத்தி, மறுப்பு வருகிறதா என்று பார்க்கும். ‘ஒரு நிமிடம் தூங்கு’ என்று நிரலில் எழுதுபவர் இவருக்கு வைரி: அஞ்சல் 2 விநாடியில் வந்தால் 58 விநாடி வீண், 61ஆம் விநாடியில் வந்தால் பொய்த் தோல்வி. ஒரு கெடு வைத்து, அதுவரை ‘கிடைச்சதோ, கிடைச்சதோ’ என்று விட்டுவிட்டுக் கேட்பதே முறை. கலியாண வீட்டில் பகிடிபட்ட அதே பழக்கம்!

வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: மெயில்ஹொக் போன்ற போலி அஞ்சற்பெட்டியில் சோதித்தால், உண்மைப் பெட்டியில் சேரும் என்பதற்கு என்ன உறுதி? உறுதி இல்லைத்தான். போலிப் பெட்டி நம் பக்கத்துப் பிழையை மட்டுமே காட்டும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் போலிப் பெட்டி, இடைக்கிடை உண்மைப் பெட்டி என்று இரண்டையும் அவர் வைத்திருக்கிறார். சந்தேகத்தைக்கூடச் சிக்கனமாகச் செலவழிக்கும் மனிதர்.

அவரைத் தாராளமாகப் பகிடி பண்ணுங்கள். ஆனால் அவர் ‘சரி’ என்று சொல்லும்வரை தளத்தை ஊருக்குத் திறந்துவிடாதீர்கள்.