முப்பத்தைந்தில் ஒரு பங்கு புல்டோசர்

கேட்டர்பில்லர் டி7 புல்டோசர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகக் காட்டை அழித்தது, சாலை போட்டது, விமான ஓடுதளம் சமன்செய்தது. பிளேடையும் சேர்த்தால் எடை 12 டன்னைத் தாண்டும். அதே வண்டியை 1/35 அளவில் பிளாஸ்டிக்கில் கட்டி அலமாரியில் நிறுத்துகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அசலின் எடையை 35-ஆல் மூன்று முறை வகுத்தால் 300 கிராம் பக்கம் வரும். கட்டுகிறவர் விடும் பெருமூச்சுக்கு அந்த வகுத்தல் பொருந்தாது.

அதென்ன 35? ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கி மாதிரியை வெளியிட்டபோது, உள்ளே ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரியும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கிய அளவு ஏறக்குறைய 1/35. அதுவே பிற்பாடு உலக வழக்கமாயிற்று. ஆக, கால் மில்லிமீட்டர் பிசகுக்காக வெர்னியரும் கையுமாகச் சண்டைக்கு நிற்கிற ஒரு கூட்டத்தின் வேதப்பிரமாணமே ஒரு பேட்டரியின் பருமன்தான்.

பெட்டியில் உள்ளதை உள்ளபடி ஒட்டினால் பார்க்க லட்சணமான புல்டோசர் வந்துவிடும். அதில் யாருக்கும் திருப்தி இல்லை. திருத்த வேண்டும்! பசை உலர்வதற்குள் ரம்பம் வெளியே வந்துவிடும்.

முதல் பலி பெரும்பாலும் பிளேடைத் தூக்கும் கம்பிவடம். அந்தக் காலத்து டி7 பலவற்றில் பிளேடைத் தூக்க ஹைட்ராலிக் கிடையாது. வண்டியின் பின்னால் ஒரு வின்ச். அதிலிருந்து கப்பி கப்பியாக ஏறி இறங்கி முன்னால் வருகிற இரும்பு வடம் பிளேடைத் தூக்கும். விட்டால் பிளேடு தன் எடையிலேயே விழும். மாதிரியில் இதற்கு நூலைக் கட்டினால் நூலின் பிசிர் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பிசிர் என்றால் அசல் கணக்கில் 3.5 சென்டிமீட்டர். இரும்பு வடத்துக்கு இவ்வளவு முடி முளைத்து யார் பார்த்தது? ஆகவே நூலை மெழுகில் இழுப்பார்கள், அல்லது மெல்லிய செப்புக் கம்பிகளை முறுக்கிக்கொள்வார்கள். அங்கே அடுத்த வம்பு காத்திருக்கும். பிளேடு தொங்கும்போது வடம் விறைப்பாக நிற்க வேண்டும். பிளாஸ்டிக் பிளேடுக்கோ இழுக்கிற அளவு எடை இல்லை. செப்புக் கம்பி தன் இஷ்டத்துக்கு வளைந்து நிற்கும், பிளேடோ மாயமாக அந்தரத்தில் மிதக்கும்.

சரி, எதைப் பார்த்துத் திருத்துவது? இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. கேட்டர்பில்லர் செய்தது டிராக்டரை மட்டும். பிளேடும் வின்ச்சும் லெட்டூர்னோ, லாப்லாண்ட்-சோட் போன்ற வேறு கம்பெனிகளின் சரக்கு. இங்கிலாந்தில் ஜாக் ஓல்டிங் கம்பெனி அதே டிராக்டருக்கு இரும்புக் கவசம் போர்த்தியது. போர்முனைக்குப் போனபின் பட்டறைக்காரர்கள் கையில் வெல்டிங் கம்பி இருந்தது, மேலதிகாரி தொலைவில் இருந்தார், வேறென்ன வேண்டும்? அதாவது ‘சரியான’ ராணுவ டி7 என்று எதையும் கைகாட்ட முடியாது. குறிப்பிட்ட ஒரு வண்டி, குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு புகைப்படத்தில் எப்படி நின்றது என்பதை மட்டுமே காட்டலாம். படத்தில் தெரிவது இடப்பக்கம் என்றால் வலப்பக்கம் ஆண்டவன் விட்ட வழி.

1943 அக்டோபர் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக்கின் மோனோ தீவில் கரையிறங்கிய படையை ஜப்பானிய அரண் ஒன்று சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவான சீபீக்களில் ஒருவர், அவுரேலியோ டசோன், புல்டோசரின் பிளேடைக் கேடயமாக உயர்த்திக்கொண்டு நேரே அதன்மேல் ஓட்டினார். லெப்டினன்ட் சார்லஸ் டர்ன்புல் பக்கத்திலிருந்து துப்பாக்கியால் சுட்டு அவருக்குக் காவல் கொடுத்தார். அரண் உள்ளிருந்தவர்களோடு மண்ணில் புதைந்தது. டசோனுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. இந்தக் காட்சியை மேசைமேல் கட்ட முனைகிறவருக்கோ, பிளேடு அப்போது எத்தனை அங்குல உயரத்தில் இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். குண்டு பறக்கிற நேரத்தில் டசோன் அதை அளந்து வைக்கவில்லை.

தமியாக்காரர்கள் ஒருமுறை துல்லியம் வேண்டி போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். திரும்பப் பூட்ட போர்ஷே மெக்கானிக்கை அழைக்க வேண்டியதாயிற்று. 12 டன் புல்டோசரை அப்படி வாங்கிப் பிரிக்க எந்த வீட்டில் வாசல் இருக்கிறது? பிழைத்திருக்கும் பழைய வண்டியைத் தேடிப்போய் அளக்கலாம். ஆனால் அது போர் முடிந்து எத்தனையோ கைமாறி, எங்கெங்கோ மண் தள்ளி, உதிரிபாகம் மாறி வந்ததாக இருக்கும். அளவு துல்லியமாகக் கிடைக்கும். அது எந்த வருஷத்துப் பாகத்தின் அளவு என்பதுதான் கேள்வி.

வண்ணத்துக்கு வந்தால் பழைய நண்பர்களே பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். கேட்டர்பில்லர் 1931 டிசம்பரில் சாம்பலை விட்டு மஞ்சளுக்கு மாறியது. ராணுவம் அதன்மேல் ஆலிவ் பச்சை அடித்தது. பச்சை உரிந்த இடத்தில் மஞ்சள் தெரிய வேண்டுமா கூடாதா என்பதை வைத்து ஒரு சாயங்காலத்தைத் தாராளமாகக் கொன்றுவிடலாம். சின்னப் பொருளில் அசல் நிறம் கறுத்துத் தெரியும், வெள்ளை கலந்து வெளுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. டப்பாவில் உள்ளதுதான் நிறம் என்பது எதிர்க்கட்சி.

இத்தனைக்கும் பிறகு செயினை ஒவ்வொரு கண்ணியாகக் கோத்து, அடியிலுள்ள உருளைகளைத் தேய்த்துத் திருத்தி, மேலே சேற்றைப் பூசுவார்கள். திருத்தியதில் பாதி அதற்குள் போய்விடும். அந்தச் சேறும் கடையில் புட்டியில் விற்கிற சேறு, பல நிறங்களில். பசிபிக் தீவுகளில் சீபீக்கள் பவளப்பாறையை நொறுக்கி ஓடுதளம் போட்டார்கள். அங்கே ஓடிய வண்டிக்கு வெள்ளைப் புழுதி வேண்டும். காட்டுப் பக்கம் ஓடியது என்றால் பழுப்பு. இரண்டு இடத்துக்கும் போன வண்டி என்றால் முதலில் எங்கே போனது என்று கேட்க ஆள் வருவார். புகைப்படமோ கறுப்பு வெள்ளை.