ஒன்பது வோல்ட்டியல்

ஆடரங்கு எப்படி அமைய வேண்டும் என்று சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பிசகில்லாமல் சொல்கிறது. அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்பதுவரை இளங்கோவடிகள் யோசித்திருக்கிறார். பிளக் பாயின்ட் எந்தப் பக்கம் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார். இத்தனை நுணுக்கமாக உரை கண்ட அடியார்க்குநல்லாரும் அதைக் கேட்கவில்லை. தமிழ் இசையாய்வில் தூர்க்கப்படாமல் கிடக்கும் இந்தப் பள்ளத்தை நிரவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வெல்லை: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவரின் காலடியில் கிடந்து அதன் ஒலியை மாற்றும் பெடல்களும், அவற்றுக்குக் கரண்ட் தரும் பெட்டியும். கிட்டார், ஆம்ப், பாடகி ஆகியோர் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள். பாடகி மட்டும் ஓரிடத்தில் அனுமதி கேளாமல் நுழைவார்.

இத்துறையில் கைக்கொள்ளத்தக்க மூலநூல் இல்லாமையால், நூற்பாவையும் நாமே யாத்துக்கொள்ள வேண்டியதாயிற்று:

ஒன்பது வோல்ட்டே பெரும்பான் மையே;
நடுமுனை நெகட்டிவ் என்மரும் உளரே.

உரை: பெடல்களில் பெரும்பாலானவை ஒன்பது வோல்ட் டிசியில் ஓடும். ‘பெரும்பான்மை’ என்றதனால் சிறுபான்மையும் உண்டு என்பது பெறப்படும். அவை யாவையெனின், 12, 18, 24 வோல்ட் கேட்பனவும், டிசியே வேண்டாம், ஒன்பது வோல்ட் ஏசி கொடு என்று அடம்பிடிக்கும் பழைய டிஜிடெக் வாமி 4, லைன் 6 நிறுவனத்தின் பச்சை நிற டிஎல்4 போல்வனவும் என்க. ஒன்பது என்ற எண்ணில் தெய்வீகம் ஏதுமில்லை. டிரான்சிஸ்டர் ரேடியோவுக்காக வந்த சின்னச் செவ்வக பேட்டரிக்குள் ஒன்றரை வோல்ட் செல்கள் ஆறு இருந்தன. பெடல் செய்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் எஃப்இசட்-1 வெறும் மூன்று வோல்ட்டில் ஓடியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் உலகமே கேட்ட அந்த உறுமல், இரண்டு டார்ச் லைட் செல்களின் கைங்கரியம்.

அடுத்தது ‘நடுமுனை நெகட்டிவ்’. கடைவீதியில் இடர் விளைவது இங்கேதான். சென்னை ரிச்சி தெருவில் அடாப்டர் கேட்டால், கடைக்காரர் இரண்டே கேள்வி கேட்பார்: “எத்தனை வோல்ட்? எத்தனை ஆம்ப்ஸ்?” மூன்றாவது கேள்வி, அதாவது பின்னின் நடுவில் இருப்பது பாசிட்டிவா நெகட்டிவா என்பது, அவர் அகராதியிலேயே கிடையாது. ரவுட்டர், சிசிடிவி என்று அவர் நாள் முழுக்க விற்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ்தான். “எல்லாத்துக்கும் இதான் சார் போகும்” என்று அவர் சொல்வதும் பொய்யில்லை. போகத்தான் செய்யும்; அளவு ஒன்றே என்பதால் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பெடலில் காவலுக்கு ஒரு டையோடு இருந்தால் பிழைத்தது. அந்த டையோடு குறுக்கே வைக்கப்பட்ட வகையானால், எஜமானைக் காப்பாற்றித் தான் கருகும். அதுவும் இல்லாத பெடலானால் கதை அத்தோடு முடிந்தது.

உண்மை அறிய ஒரே வழி, அடாப்டரின் முதுகைப் படிப்பது. கறுப்புப் பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே பதித்த எழுத்து. மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறைபோல் ஒரு வளைவு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. புள்ளியிலிருந்து போகும் கோடு ‘–’ குறியில் முடிய வேண்டும். கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு இது எளிது.

உலகமெல்லாம் ஒரு வழியென்றால் பெடலுக்கு மட்டும் ஏன் மறு வழி என்று கடாவின், விடை: பேட்டரியைக் காப்பாற்ற. அடாப்டர் செருகும் சாக்கெட்டில், பின் உள்ளே போனதும் விலகிக்கொள்ளும் தகடு ஒன்று உண்டு. அது பின்னின் வெளிப்புறத்தைத் தொடும் பக்கத்தில் இருக்கிறது. வெளிப்புறத்தைப் பாசிட்டிவ் ஆக்கிவிட்டால், அடாப்டர் வந்ததும் பேட்டரியின் பாசிட்டிவ் தானாக அறுந்துவிடும். நெகட்டிவையோ கிட்டார் கேபிள் செருகும் துளை வழியாகவே விட்டுவிட்டார்கள். கேபிள் செருகினால் பெடல் விழிக்கும், உருவினால் உறங்கும். கேபிளைச் செருகியபடியே வீட்டுக்குப் போனவரின் பேட்டரி காலையில் காலியாக இருப்பதன் காரணமும் இதுவே. கஞ்சத்தனத்திலிருந்து பிறந்த ஏற்பாடு என்றாலும், பொறியியலில் இதைவிட அழகான கஞ்சத்தனத்தை இவ்வாய்வாளன் கண்டதில்லை.

இனி ஆம்பியர். “என் பெடலுக்குப் பத்து மில்லி ஆம்பியர் போதும், இரண்டாயிரம் தரும் அடாப்டரைப் போட்டால் எரிந்துவிடாதா?” என்ற அச்சம் படித்தவர்களிடமும் காணப்படுகிறது. கல்யாணப் பந்தியில் அண்டா எத்தனை பெரிதானாலும் இலை முன் உட்கார்ந்தவர் தன் பசிக்குத்தான் சாப்பிடுகிறார். மில்லி ஆம்பியரும் அப்படியே. வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையாமல் இருந்தால் போதும். ஆனால் சாப்பிட வருபவர்களின் வயிறு ஒன்றுபோல் இருப்பதில்லை. சாதாரண ஓவர்டிரைவ் பெடல் ஒன்றுக்குப் பத்து மில்லி ஆம்பியர் இருந்தால் போதும். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவெர்ப் பெடலுக்கு 300 வேண்டும். முப்பது ஓவர்டிரைவ் குடிப்பதை அது ஒன்றே குடிக்கும். ஒவ்வொரு பெடலின் தேவையையும் கூட்டி, மேலே கால் பங்கு சேர்த்து வாங்குவது நலம். பல வாய்கள் உள்ள பெட்டியானால் மொத்தக் கணக்கு மட்டும் போதாது. வாய்க்கு 100 மில்லி ஆம்பியர் தரும் பெட்டியில் பிக்ஸ்கையைச் செருகிவிட்டு, பக்கத்து வாய்கள் சும்மாதானே இருக்கின்றன என்று வாதாடிப் பயனில்லை.

பெட்டிகளைப் பொறுத்து உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறது. ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரியும் கம்பியால் எல்லாப் பெடலையும் கோப்பவர்கள் டெய்சி செயின் கட்சி. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியே, ஒன்றோடொன்று மின்தொடர்பே இல்லாத வெளியீடு வேண்டும் என்பவர்கள் ஐசோலேட்டட் கட்சி. முன்னவர்கள் சிக்கனவாதிகள், பின்னவர்கள் மடி, ஆசாரம் பார்ப்பவர்கள். நம் தீர்ப்பு: நான்கைந்து அனலாக் பெடல் மட்டும் வைத்திருப்பவர் டெய்சி செயினில் இருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு டிஜிட்டல் டிலே வந்து உட்கார்ந்தால் நிலைமை மாறும். அதனுள் ஓடும் கடிகாரத் துடிப்பு பொதுக் கம்பி வழியே கசிந்து, டிஸ்டார்ஷன் பெடலில் பெருகி, மெல்லிய விசிலாக ஸ்பீக்கருக்கு வரும். 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் போன்ற ஜெர்மானியம் பெடல் சேர்ந்தாலோ விசிலோடு போகாது. அதற்குப் பாசிட்டிவே கிரவுண்ட். மற்றவற்றோடு ஒரே கம்பியில் கோத்தால், கிட்டார் கேபிளின் உறை வழியாகப் பிளஸ்ஸும் மைனஸும் கைகுலுக்கி மொத்த வரிசையும் படுத்துவிடும்.

ஐசோலேட்டட் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பலாகாது. பிளக்கை உருவிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு வெளியீட்டின் நெகட்டிவிலும் மற்றதை அடுத்த வெளியீட்டின் நெகட்டிவிலும் வையுங்கள். ‘பீப்’ என்றால் அது பத்து வாயுள்ள டெய்சி செயின், விலைதான் ஐசோலேட்டட்.

ஹம் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் அதை டிசியாக மாற்றும்போது, சரியாக வடிகட்டாவிட்டால், 100 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று ஒரு நாதம் மிஞ்சும். வெள்ளைக்கட்டை ஐந்தின் கீழ் ஸ்தாயி ஒலி 98 ஹெர்ட்ஸ். ஐந்தரைக்கு ஏறக்குறைய 104. ஆக, இந்திய அடாப்டரின் சுருதி ஐந்து கட்டைக்குச் சற்று மேலே. நம் பாடகிகள் பலர் பாடுவதும் ஐந்திலிருந்து ஐந்தரைக்குள்தான். மலிவான அடாப்டர் மேடையில் தம்பூராவாகவே நடந்துகொள்கிறது. சற்றே சுருதி விலகிய தம்பூரா என்பதுதான் பாடகி திரும்பி முறைப்பதற்குக் காரணம். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே நாதம் 120. அது ஆறரைக்கும் ஏழுக்கும் நட்டநடுவே விழுகிறது. எந்தக் கட்டைக்கும் உதவாது. இவ்வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

பெட்டியைத் தூற்றுமுன் ஒரு சோதனை. கிட்டாரோடு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். இரைச்சல் ஏறி இறங்கினால் குற்றவாளி சிங்கிள் காயில் பிக்கப், அடாப்டர் நிரபராதி.

அமெரிக்காவிலிருந்து அத்தான் வாங்கிவரும் பெட்டி பற்றி ஓர் இடைக்குறிப்பு. அதன் முதுகில் 100–240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 மட்டும் இருந்தால் நம் 230இல் செருகாமல் ஷோகேஸில் வையுங்கள்.

எஞ்சியிருப்பது மூன்றாம் கட்சி: பேட்டரிவாதிகள். கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சன் பேட்டரியின் பிராண்டைக் காதாலேயே கண்டுபிடிப்பார் என்பது இவர்களின் ஸ்தல புராணம். சாகப்போகும் பேட்டரியில் ஃபஸ் பெடலின் ஒலி குழைந்து இனிக்கும் என்பது இவர்களின் சித்தாந்தம். இதில் உண்மை உண்டு. வூடூ லேப் நிறுவனம் பெடல் பவர் 2 பிளஸ் என்ற ஐசோலேட்டட் பெட்டியில், வோல்ட்டைக் குறைத்துச் சாகும் பேட்டரிபோல் நடிக்க வைக்கும் குமிழே வைத்தது. பேட்டரி செலவிலிருந்து தப்பக் காசு கொடுத்து, பேட்டரி சாவதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பது கிட்டார் உலகில் மட்டுமே நிகழக்கூடியது.

இக்கட்சியின் பிரம்மாஸ்திரம் மின்வெட்டு வாதம். கச்சேரி நடுவே கரண்ட் போனாலும் பேட்டரி போட்ட பெடல் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பார்கள். மறுக்க முடியாது, ஓடும். ஆம்ப் 230 வோல்ட்டில் ஓடுவதாயிற்றே என்று கடாவினோம். விடை இன்னும் வரவில்லை. ஜெனரேட்டர்காரரைத் தேடிப் போயிருக்கிறார்கள்.