பேய்க்கு எதற்கு இத்தனை லேயர்?

அக்டோபர் 31, ஹாலோவீன் பண்டிகை, நெருங்கினால் அமெரிக்காவில் பேய்களுக்குப் பஞ்சமே இருக்காது. ஃபோட்டோஷாப்பைத் திறந்து ஒரு லேயரில் முழுநிலா, அடுத்ததில் பாழடைந்த பங்களா, அதன்மேல் வௌவால் கூட்டம், மூடுபனி பிரஷ், ரத்தம் சொட்டும் எழுத்து என்று அடுக்குகிறார்கள். நடுவில், ஒபாசிட்டி குறைக்கப்பட்டு ஒரு வெள்ளைச் சேலை அம்மணி. பாவம், பயமுறுத்த வந்தவளுக்கு நிற்க இடமில்லை. பேய்ப் படத்தில் சேர்க்கச் சேர்க்கப் பயம் குறையும், எடுக்க எடுக்கத்தான் கூடும் என்பது என் கட்சி.

ஆதாரம் பண்டிகைக்குள்ளேயே இருக்கிறது. ஐரிஷ்காரர்கள் ஊரில் ஹாலோவீன் விளக்குக்காக டர்னிப்பைக் குடைந்தார்கள். அமெரிக்கா போனதும் பூசணியைக் குடைந்தார்கள். சதையை வழித்தெறிந்தபின் மிஞ்சும் ஓட்டைதான் முகம். 1978-இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ படத்துக் கொலைகாரனின் முகமூடி, கடையில் வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கிர்க் முகம். புருவத்தையும் கிருதாவையும் பிய்த்தார்கள், கண் துளையைப் பெரிதாக்கினார்கள், வெள்ளை அடித்தார்கள். விண்வெளிக் கப்பலையே ஓட்டிய மனிதர், புருவம் போனதும் பார்க்கச் சகிக்காதவராகிவிட்டார். எதிர்ப்பக்கச் சாட்சி வில்லியம் மம்ளர். 1860-களில் பாஸ்டனில் ஆவிகளைப் படம்பிடித்துத் தருவதாகத் தொழில் நடத்தி, 1869-இல் நியூயார்க்கில் மோசடி வழக்கைச் சந்தித்து, போதிய ஆதாரமில்லை என்று வெளியே வந்தவர். லிங்கனின் மனைவிக்குப் பின்னால் லிங்கனின் ஆவியை, தோளில் கைவைத்தபடி, அடையாளம் தெரிகிற மாதிரி நிறுத்தினார். அதைப் பார்த்து அலறுவது கஷ்டம், ஆறுதல்தான் வரும். முகம் தெரிந்துவிட்டால் அது பேயல்ல, சொந்தக்காரர்.

குழந்தைகள் விருந்து அழைப்பிதழுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். நியாயம். சிரிக்கும் பேய் தாராளமாக வரட்டும். ஆனால் அதன் காலடியில் ரத்த எழுத்து எதற்கு? இன்னொரு கேள்வி கொஞ்சம் கனமானது: எல்லாவற்றையும் இருட்டில் தள்ளுவது சோம்பேறித்தனம் இல்லையா? வெறும் கறுப்பைக் கொட்டினால் ஆமாம், கரண்ட் போன வீடு மாதிரிதான் இருக்கும். இருட்டுக்குள் எது தெரிய வேண்டும் என்று முடிவுசெய்வதில்தான் பாடு. கர்வ்ஸை இழுத்து அறையை மூழ்கடித்து, கதவின் விளிம்பில் மட்டும் சிறிது வெளிச்சம் விட்டு, அங்கே உள்பக்கமிருந்து பற்றியிருக்கும் இரண்டு விரல்களை வைத்துப் பாருங்கள். உடம்பு வேண்டாம், வௌவால் வேண்டாம். நக இடுக்கின் அழுக்குக்கு வேண்டுமானால் தனி லேயர் போட்டுக்கொள்ளலாம்.