கார் ஷெட்டுக்குப் பத்து போடுங்கள்

கேள்வி: இருபது வருஷத்து கார் ஷெட். சிமெண்ட் தரை முழுக்க ஆயில் கறை. ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா? (வாசகர், திருக்கழுக்குன்றம்)

பதில்: வேண்டவே வேண்டாம். ஆசிட்டுக்குப் பகை சிமெண்ட்தான், எண்ணெய் இல்லை. நுரை பொங்குவதைப் பார்த்துக் கறை போகிறது என்று நம்பிவிடுகிறோம். கரைவது சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு. தரை சொரசொரத்துப் போய், அடுத்த சொட்டு எண்ணெயை இன்னும் ஆழமாகக் குடிக்கும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பிறகு எப்படித்தான் எடுப்பது? (வாசகி, சிங்கப்பெருமாள்கோவில்)

பதில்: பத்து போட்டு. வெந்நீரில் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்புத் தூளும் கரைத்து, சாக் பவுடரைக் கொட்டி, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழையுங்கள். கைக்கு உறை அவசியம். கறையைத் தாண்டி நாலு விரல் அகலத்துக்கு அரை அங்குலக் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளை எடுத்துவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மாவுக்கு ஏறும். ஈரத்தோடு சுரண்டினால் உழைப்பு வீண். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறையாவது பத்து போட வேண்டும். கழுவித் தரை காய்ந்ததும் நாலு சொட்டு தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் பாக்கி. உறிஞ்சிக்கொண்டால் வென்றீர்கள்.

கேள்வி: எங்கள் ஷெட்டில் வெள்ளையாகப் பூக்கிறது. கழுவக் கழுவ வருகிறதே? (வாசகி, கோவளம்)

பதில்: கழுவுவதால்தான் வருகிறது! மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பையும் கூட்டி வருகிறது. ஈரம் காய, உப்பு தங்குகிறது. தண்ணீர் ஊற்றினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். வெயில் நாளில் காய்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளுங்கள். உங்களுக்குத் தெற்கே, பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் இதே தொல்லைதான். அங்கே தொல்லியல் துறையினர் நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைக் கல்மேல் அப்பி, காய்ந்து உப்பை இழுத்ததும் உரித்தெடுக்கிறார்கள். 1,300 வருஷக் கல்லுக்கும் பத்துதான் வைத்தியம். அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன்.

கேள்வி: எபாக்சி பெயிண்ட் அடித்துப் பளபளவென்று ஆக்கலாமா? (வாசகர், கல்பாக்கம்)

பதில்: முதலில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ பெயிண்ட் உரிந்துவிடும், காசு போகும்.

கேள்வி: துருக் கறைக்கு? (வாசகர், மறைமலை நகர்)

பதில்: மேலோட்டமானது என்றால் எலுமிச்சைச் சாறு தடவி உடனே கழுவுங்கள். விரிசலை ஒட்டி வரியாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கழுவிய தண்ணீர்? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: மழைநீர் சேகரிப்புக் குழிக்கு மட்டும் விடாதீர்கள். 2003-ல் வீட்டுக்கு வீடு கட்டாயமாக்கிய குழி அது; நிலத்தடி நீருக்கு நேர்வழி. எண்ணெய் நீரை மரத்தூளில் ஊறவிட்டு அள்ளிவிடுங்கள்.